பயறில் வண்டு விழாமல் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் தேவர்குளம் பக்கம், கரிசல் காடு. ஐப்பசி மழைக்கு உளுந்தும் பாசிப்பயறும் விதைப்போம். தையில் பறித்து, வீட்டுக்கு வைத்ததுபோக மிச்சத்தைப் பாளையங்கோட்டை, தென்காசி பக்கம் தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வருகிறோம். பங்குனி பிறந்ததும் போன் வர ஆரம்பிக்கும்: "வண்டு விழுந்துட்டு, என்ன செய்ய?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். உளுந்து என்று நான் எழுதும் இடத்தில் பாசிப்பயறு, தட்டப்பயறு, காணம் (கொள்ளு), மொச்சை, துவரை, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறாகச் செய்ய வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

"நல்லாக் காய வச்சுத்தான் பானையில போட்டேன். மூடியும் இறுக்கமாத்தான் இருந்துச்சு. பெறவு வண்டு எங்கேருந்து வந்துச்சு?"

உளுந்தோடு சேர்ந்தே வந்தது. காட்டில் நெற்று முற்றிக் காயும்போதே தாய் வண்டு பறந்து வந்து நெற்றின்மேல் முட்டையை ஒட்டிவிடும். பொரிக்கிற புழு நெற்றைத் துளைத்து மணிக்குள் போய்விடும். நாம் களத்தில் அடித்து, தூற்றி, சுளகில் புடைத்து எடுக்கும்போது அந்த மணி மற்ற மணி போலவே இருக்கும். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரு மரக்காலில் அப்படி நாலைந்து மணி இருந்தாலே போதும்.

இன்னொரு வழி, பழைய சரக்கு. போன வருஷத்து உளுந்து ஒரு படி மூலையில் கிடந்தாலும், பழைய சாக்கின் தையலில் நாலு மணி சிக்கியிருந்தாலும், அதிலிருந்து புதுச் சரக்குக்கு வண்டு ஏறிவிடும். வீட்டிலிருந்து காட்டுக்கும் பறந்து போகும். அதனால் நெற்று காய்ந்த பிறகு பறிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். புதுசு வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பழசை ஒதுக்கிக் குலுக்கையையும் (தானியம் கொட்டி வைக்கும் மண் குதிர்) பானையையும் துடைத்துவிடுங்கள்.

"உளுந்து மேல வெள்ளை வெள்ளையாப் புள்ளி இருக்கே, அது என்னக்கா?"

அதுதான் முட்டை. கறுப்பு உளுந்தில் நன்றாகத் தெரியும். பாசிப்பயறில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி மாதிரி மினுங்கினால் இன்னும் பொரியவில்லை. பால் வெள்ளையாக இருந்தால் பொரித்தாயிற்று. முட்டைக்கு அடிப்பக்கமாகவே புழு மணியைத் துளைத்து இறங்கி, குடைந்த தூளை முட்டைத் தோட்டுக்குள் தள்ளியிருக்கும். அதனால்தான் அந்த வெள்ளை. தேய்த்துக் கழுவினாலும் லேசில் போகாது, பசை போட்டு ஒட்டியது போல இருக்கும்.

முட்டை பொரிக்க ஐந்தாறு நாள். பிறகு புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் மணிக்குள்ளேயே இருந்துவிட்டு, நம் ஊர்ச் சூட்டில் மொத்தம் 25 முதல் 30 நாளில் வட்டமாக ஓட்டை போட்டு வண்டு வெளியே வரும். வெளியே வந்த வண்டு பயறைத் தின்பதே இல்லை. ஒன்றிரண்டு வாரம் உயிரோடு இருந்து முட்டையிட்டுச் செத்துவிடும். தின்பதெல்லாம் உள்ளே இருக்கும் புழுதான். ஒரு தாய் வண்டு 80, 100 முட்டை வரை இடும். ஐந்து தாய் வண்டு இருந்தால் 400 முட்டை. அதில் பாதி பெண் என்று வைத்தால் அடுத்த மாதம் 16,000 முட்டை. எல்லாம் பிழைக்காது என்றாலும், தையில் சுத்தமாக இருந்த உளுந்து பங்குனியில் பொடியாக உதிர்வது இப்படித்தான்.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கேள்விகளுக்கெல்லாம் பதில் எளிது. பானைக்குள் நாம் போட்டு வைக்கும் இலையும் வற்றலும் மணிக்கு வெளியேதான் இருக்கின்றன, புழு மணிக்கு உள்ளே இருக்கிறது.

"அரிசியில விழுற வண்டும் இதுவும் ஒண்ணுதானே?"

இல்லை. அரிசி வண்டுக்கு யானைத் துதிக்கை மாதிரி நீண்ட மூக்கு உண்டு. பயறு வண்டுக்கு அது கிடையாது. உருண்டையாக, பழுப்பு நிறத்தில் முதுகில் புள்ளியோடு இருக்கும், முதுகுச் சிறகு வாலை முழுசாக மூடாது. அரிசிப் பானையில் கண்ட வண்டு உளுந்துக்கும் போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

"எவ்வளவு காய வைக்கணும்? காஞ்சுட்டுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிடது?"

ஈரம் நூற்றுக்கு 9, 10 பங்குக்கு வந்துவிட வேண்டும். ஈரமானி இல்லாத வீட்டில் பல்தான் அளவுகோல். நாலைந்து மணியைக் கடித்துப் பாருங்கள். "கடக்" என்று இரண்டாக உடைந்தால் காய்ந்தது. பல் பதிந்து நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். சிலர் காய்ந்த உப்பையும் மணியையும் உலர்ந்த பாட்டிலில் போட்டுக் குலுக்கி, உப்பு கண்ணாடியில் ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஒட்டினால் ஈரம் 15 பங்குக்கு மேல் என்று அர்த்தம். ஒட்டாவிட்டாலும் பயறுக்கு அது போதாது, கடித்தும் பார்த்துவிடுங்கள்.

ஆனால் காய்ச்சல் மட்டும் வண்டைத் தடுக்காது. நன்றாகக் காய்ந்த பயறிலும் இந்த வண்டு வளரும். காய வைப்பது பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கவும், அடுத்துச் செய்யும் வேலை பலிக்கவும்தான்.

"வெயில்ல போட்டா வண்டு எல்லாம் ஓடிப்போவுது. பத்து நாள்ல திரும்ப வந்துருது. வெயிலே பத்தலையா?"

வெயில் பத்தும், நாம் அதைப் பிடித்து வைக்காததுதான் குறை. களத்தில் விரித்தால் வெளியே இருக்கும் வண்டு பறந்துவிடும். மணிக்குள் இருக்கும் புழுவுக்குச் சாகிற அளவு சூடு ஏறாது. காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் சூடு தங்குவதில்லை.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டு மொட்டைமாடியில் முதலில் பழைய சாக்கோ ஓலைப் பாயோ விரியுங்கள், தரை சூட்டை இழுத்துக்கொள்ளாமல் இருக்க. அதன்மேல் கறுப்புத் தார்ப்பாய். அதில் உளுந்தை இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். மேலே தெளிவான, ஓட்டையில்லாத பாலித்தீன் ஷீட்டைப் போர்த்தி, நாலு ஓரத்தையும் கீழ்த் தார்ப்பாயோடு சேர்த்து மடித்துக் கல் வையுங்கள். காலை பதினொன்றுக்குப் போட்டு மூன்று மணிக்கு எடுத்தால் போதும். 57 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு எல்லாமே செத்துவிடும் என்று தட்டப்பயறில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். மாசி முதல் வைகாசி வரை நம் வெயிலில், காற்று புகாத ஷீட்டுக்கு அடியில் அந்தச் சூடு ஏறிவிடும். காய்ந்த விதையின் முளைப்பும் இதில் கெடுவதில்லை. ஈர மணியை மட்டும் இப்படி மூடிவிடாதீர்கள், வெந்துவிடும். முதலில் வெறும் வெயிலில் காய வைத்து, கடித்துப் பார்த்த பிறகுதான் இது.

எடுத்தவுடன் சூட்டோடு பானையில் கொட்டக் கூடாது. ராத்திரி நிழலில் ஆறவிட வேண்டும், அதுவரை மெல்லிய துணி போட்டு மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் புது வண்டு வந்து உட்காரும். சூடு உள்ளே இருப்பதைத்தான் கொல்லும், நாளைக்கு வருவதைத் தடுக்காது. அதனால் இதற்குப் பிறகு கீழே சொல்லும் எண்ணெய், சாம்பல், காற்றுப்புகாத டப்பா, ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும்.

"எங்க ஆச்சி வேப்பிலை போட்டு வச்சா ஒரு வண்டு இருக்காதுன்னு சொல்லுவா. இப்ப போட்டா கேக்க மாட்டேங்குதே?"

ஆச்சி சொன்னது பொய் இல்லை. ஆனால் ஆச்சி வேப்பிலை மட்டுமா போட்டாள்? உளுந்தை மூன்று வெயில் காயவிட்டு, புடைத்து, அடுப்புச் சாம்பலைக் கலந்து, சாணி மெழுகிய குலுக்கையில் கொட்டி, வாயை மண் வைத்துப் பூசியபின், மேலே ஒரு கொத்து வேப்பிலையும் நொச்சியும் வைத்தாள். நாம் கடைசி வேலையை மட்டும் எடுத்துக்கொண்டோம். வேம்பின் கசப்பும் நொச்சியின் வாடையும் புதிதாக வரும் வண்டை ஓரளவு விலக்கும், முட்டையிடுவதைக் குறைக்கும். ஏற்கெனவே மணிக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது.

பச்சை இலையைப் போடவே போடாதீர்கள். நான் விவசாயம் தொடங்கிய முதல் வருஷம், பறித்த கையோடு வேப்பிலையை அடுக்கடுக்காகப் போட்டு 40 கிலோ விதை உளுந்தை டிரம்மில் அடைத்தேன். இலையின் ஈரம் முழுக்க மணியில் இறங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் பூஞ்சண வாடை, அடியில் கட்டிக் கட்டியாக. அந்த வருஷம் விதைக்குக் கடன் வாங்கினேன். இலை போடுவதானால் நிழலில் சருகாகக் காய வைத்து, துணியில் முடிந்து போடுங்கள்.

விதைக்கென்று வைப்பதானால் வேப்பிலையைவிட வேப்பங்கொட்டைப் பருப்பு பல மடங்கு நல்லது. ஆடியில் பொறுக்கி, நிழலில் காயவைத்து, ஓடு நீக்கி இடித்த தூளை 100 கிலோவுக்கு 3 கிலோ என்று கலக்கலாம். கசப்பு ஏறிவிடும், சமையலுக்கு ஆகாது.

"சாம்பல் எவ்வளவு போடணும்? ஒரு கை போட்டா போதாதா?"

போதாது. சாம்பல் விஷம் இல்லை. மணிக்கும் மணிக்கும் நடுவில் இருக்கும் இடத்தை அடைத்து, வண்டு நடக்கவும் இணை சேரவும் முட்டையிடவும் விடாமல் செய்கிறது. வண்டின் மேல்தோலில் இருக்கும் மெழுகை உரசி எடுத்து, உடம்பு ஈரத்தை வற்ற வைக்கிறது. இடம் அடைபட வேண்டுமென்றால் அளவு வேண்டும். நாலு படி உளுந்துக்கு மூன்று படி சாம்பல் என்பது நல்ல கணக்கு. சலித்து, ஆறவைத்த, கரித்துண்டு இல்லாத சாம்பலாக இருக்க வேண்டும். கலந்து, அழுத்தி நிரப்பி, மேலே இரண்டு விரல் கனம் வெறும் சாம்பலைப் பரப்பிவிடுங்கள். இடையில் கிளறக் கூடாது.

கேஸ் அடுப்பு வீட்டில் இவ்வளவு சாம்பலுக்கு எங்கே போக என்று கேட்பீர்கள். நியாயம்தான். செங்கல் சூளை, அரிசி ஆலைச் சாம்பலும் ஆகும். பிளாஸ்டிக்கோ குப்பையோ எரித்த சாம்பல் வேண்டாம். வீட்டுச் செலவுக்கு ஐந்து கிலோ வைப்பவர்களுக்கு எண்ணெய்தான் சுலபம்.

"எண்ணெய் தடவி வச்சா சிக்கு வாடை வராதா? பிசுபிசுன்னு ஆயிராதா?"

அளவாகத் தடவினால் இரண்டும் வராது. ஒரு கிலோவுக்கு 5 மில்லி, அதாவது ஒரு சின்ன டீஸ்பூன். அகலமான தாம்பாளத்தில் ஒரு கிலோ, இரண்டு கிலோவாகப் போட்டு, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, எல்லா மணியிலும் மினுமினுப்பு வரும்வரை பிசற வேண்டும். ஐந்து நிமிஷம் பிடிக்கும். இந்த வேலையில் அவசரப்பட்டால் பலன் போய்விடும். எண்ணெய் படாத மணியைத் தேடி வண்டு முட்டையிடும். பிறகு ஒரு மணி நேரம் நிழலில் விட்டு டப்பாவில் போடுங்கள்.

முட்டைக்குக் காற்றுப் போகும் வழியை எண்ணெய்ப் படலம் அடைக்கிறது. முட்டை பொரிக்காமலே செத்துவிடும். மணியின் வழுவழுப்பில் புதிய முட்டையும் சரியாக ஒட்டாது. மணிக்குள் ஏற்கெனவே போன புழு மட்டும் தப்பிவிடும். அதனால்தான் பாலித்தீன் வெயில் முதலில், எண்ணெய் அடுத்து என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாமே வேலை செய்யும். எனக்கு விளக்கெண்ணெய்தான் பிடிக்கும். கெட்டியாக இருப்பதால் மணியில் நன்றாகப் பிடிக்கிறது, சீக்கிரம் காறுவதில்லை. களிக்கோ உளுந்தஞ்சோற்றுக்கோ எடுக்கும்போது வெந்நீரில் இரண்டு தடவை அலசினால் போதும். வேப்பெண்ணெய் விதைக்கு மட்டும்.

மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, மினுமினுப்பு போயிருந்தால் மறுபடி தடவுங்கள்.

"துவரைக்குச் செம்மண் கட்டுவாங்களே. அதை உளுந்துக்கும் செய்யலாமா?"

செய்யலாம், விதைக்கு. திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துத் தேரிச் செம்மண் இதற்கு நன்றாக இருக்கும். கல்லும் மணலும் போகச் சலித்து, மோர் பதத்தில் கரைத்து, மணியில் மெல்லிசாகப் படும்படி பிசறி, அன்றைக்கே வெயிலில் மொறுமொறுவென்று காய வைத்துவிட வேண்டும். ராத்திரி ஈரத்தோடு விட்டால் விதை முளைக்க ஆரம்பித்துவிடும். மண் பூச்சின்மேல் முட்டை ஒட்டினாலும் புழுவுக்கு மணியைத் துளைக்கப் பிடிமானம் கிடைப்பதில்லை.

துவரையில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. செம்மண் கட்டிக் காய்ந்த துவரையைத் திரிகையில் உடைத்தால் தொலி சுலபமாகக் கழலும். பருப்புக்காகச் செய்வதானால் ஊற வைத்துக் கட்டுவார்கள், அது வேறு முறை. விதைக்கு ஊற வைக்கக் கூடாது.

"வசம்பு போட்டா எந்தப் பூச்சியும் அண்டாதாமே?"

உண்மைதான். பயறு வண்டுக்கு வலுவான நாட்டு மருந்துகளில் வசம்பும் ஒன்று. 1 கிலோ விதைக்கு 10 கிராம் வசம்புத் தூள் கலந்தால் போதும். ஆனால் சாப்பிடும் பயறில் கலக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதில் இருக்கும் பீட்டா அசரோன் என்ற பொருள் எலிகளில் புற்றுக் கட்டியை உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். இலையிலும் கிழங்கிலும் வருவதெல்லாம் வயிற்றுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வசம்பு போட்ட டப்பாவில் "விதை மட்டும்" என்று பெரிதாக எழுதி, அடுப்படிக்கு வெளியே வையுங்கள்.

"மிளகாய் வத்தல், பூண்டு, கிராம்பு?"

வாடைக்குக் கொஞ்சம் விலகும். ஒரு மாதத்துச் செலவுக்கு வைத்த பருப்பில் போடலாம், தப்பில்லை. ஆறு மாதம் காக்க அதை நம்பாதீர்கள். பூண்டு காய்ந்ததாக இருக்கட்டும்.

"பருப்பா உடைச்சு வச்சுட்டா வண்டு விழாதுன்னு சொல்லுதாங்களே?"

பெரும்பாலும் சரி. இந்த வண்டுக்கு முழு மணிதான் வேண்டும். முட்டை ஒட்ட வழுவழுப்பான தொலியும், புழு வளர உள்ளே இடமும் தேவை. தொலி உளுந்தாகவோ பருப்பாகவோ உடைத்துவிட்டால் அது பெருகுவது வெகுவாகக் குறையும். அதனால் வீட்டுத் தேவைக்கு வைத்ததை மாசியிலேயே உடைத்து வைப்பது நல்ல பழக்கம். ஆனால் உடைத்த பருப்பிலும் தூளிலும் மாவு வண்டு மாதிரி வேறு பூச்சிகள் வரும். நொய்யைப் புடைத்து எடுத்துவிட்டு வையுங்கள். உளுந்தங்களிக்கு மாவு திரிப்பவர்கள் வெறும் சட்டியில் சூடேற வறுத்துத் திரித்தால் உள்ளே இருப்பதும் சாகும், மணமும் கூடும்.

"பிளாஸ்டிக் கேன்ல இறுக்கி மூடினா உள்ள இருக்கிறது மூச்சு முட்டிச் செத்துருமா? சூடம் கொளுத்தி வச்சு மூடணுமாமே?"

முதல் கேள்விக்கு ஆமாம். காற்றே புகாமல் அடைத்தால் உள்ளே இருக்கும் வண்டும் புழுவும் இருக்கிற ஆக்சிஜனைத் தாங்களே தீர்த்துவிட்டு, தின்பதையும் வளர்வதையும் நிறுத்திச் சாகும். இலை, எண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டுத் தட்டப்பயறு விவசாயிகளுக்காக 1980களின் கடைசியில் இதை வைத்துத்தான் மூன்றடுக்குச் சாக்கு முறையை உருவாக்கினார்கள். உள்ளே இரண்டு தடித்த பாலித்தீன் பை, வெளியே ஒரு நெய்த சாக்கு. ஒவ்வொரு பையையும் காற்றைப் பிதுக்கித் தனித்தனியாக முறுக்கிக் கட்ட வேண்டும். கடையில் காய்கறி போட்டுத் தரும் மெல்லிய கவரை வண்டு துளைத்துவிடும்.

நம் வீட்டில் 20 லிட்டர் கேன் போதும். மூடியில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். கழுத்துவரை நிரப்புங்கள், பாதி கேனில் காற்று நிறைய இருக்கும், வண்டு நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பிறகு இரண்டு மாதம் திறக்கக் கூடாது. "சும்மா ஒரு தடவை பார்த்தேன்" என்று திறப்பதில்தான் பாதிப் பேருக்குக் கெட்டுப்போகிறது. தினச் செலவுக்குத் தனி டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மண்பானையும் குலுக்கையும் காற்றை விடும், அவற்றுக்கு இது பொருந்தாது.

சூடம், மெழுகுவத்தி கதை வேறு. சுடர் அணைந்துவிட்டது, ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். காற்றில் 21 பங்கு இருக்கும் ஆக்சிஜன் 16, 17 பங்குக்கு வந்தாலே சுடர் அணைந்துவிடும். வண்டுக்கு அது தாராளம். அணைவதற்கு முன்னால் பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கும் ஆபத்துதான் மிச்சம்.

"நாங்க மாசம் ரெண்டு கிலோதான் வாங்குதோம். எங்களுக்கு இவ்வளவு வேலை எதுக்கு?"

உங்களுக்கு பிரீசர் போதும். பையில் காற்றில்லாமல் கட்டி, பிரீசரில் ஒரு வாரம் வையுங்கள். முட்டை முதல் வண்டு வரை எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்தபின் பையைப் பிரிக்காமல் நாலைந்து மணி நேரம் விடுங்கள், குளிர் போன பிறகு திறங்கள். முன்னாலேயே திறந்தால் மணியில் நீர் கோத்துக்கொள்ளும். பிரீசர் இல்லாமல் கீழ்த்தட்டில் வைத்தால் வண்டு வளர்வது நிற்கும், சாகும் என்று சொல்ல முடியாது.

"எங்க ஊர்ல ஆனி, ஆடின்னா சாரல். அப்ப விழுந்தா என்ன செய்ய?"

தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் வருஷந்தோறும் கேட்பது இது. சாரலில் காய வைக்கவே முடியாது, திறந்தால் ஈரம் இழுக்கும். அதனால் உங்கள் வேலையெல்லாம் வைகாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். சித்திரையில் ஒருமுறை பாலித்தீன் வெயில் காட்டி, கேனில் அடைத்துவிட்டு, ஆவணி வரை தொடாதீர்கள். சாம்பலும் மண்பானையும் ஈரக் காற்றில் நமுத்துவிடும். நடுவில் விழுந்துவிட்டால் கொஞ்சமாக இருந்தால் பிரீசர், நிறைய இருந்தால் உடைத்து லேசாக வறுத்து வைப்பது.

"ஒரு மாத்திரை துணியில கட்டிப் போட்டா ஒரே நாள்ல தீர்ந்துரும். அண்ணாச்சி கடையில எல்லாம் அப்படித்தான் வைக்காங்க."

இதற்கு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வரும். மூட்டை இருக்கும் அறையில் படுத்தால் ராத்திரியில் அந்த வாயுவைச் சுவாசித்துக் குடும்பமே போய்விடலாம். அதற்கு மாற்று மருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர்கள், ஆள் குடியிருக்காத கிடங்கில், தார்ப்பாய் போட்டு மூடிச் செய்ய வேண்டிய வேலை அது. வீட்டில் பயன்படுத்த அனுமதியும் இல்லை.

ஏற்கெனவே போட்டுவிட்டால், கையால் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கதவு சன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். தலைசுற்றல், வாந்தி, நெஞ்சடைப்பு எதுவாக இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

"போரிக் பவுடர் கேரம்போர்டுக்குப் போடுறதுதானே, அதுவுமா தப்பு?"

தப்புதான். அதுவும் பூச்சியைக் கொல்கிற ரசாயனம். உணவில் சேர்க்க நம் நாட்டில் அனுமதி இல்லை. கழுவினால் போய்விடும் என்பார்கள். பருப்பைச் சரியாகக் கழுவாத ஒரு நாளும் வரும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். டப்பாவில் அந்துருண்டை போடுவதற்கும் இதே பதில்.

"ஓட்டை விழுந்த உளுந்தைச் சாப்பிடலாமா? விதைக்கலாமா?"

நூற்றில் நாலைந்து மணி ஓட்டை என்றால், தண்ணீரில் போட்டு மிதப்பதை வழித்துக் கொட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாம். பாதிக்குப் பாதி ஓட்டை, கையில் பொடி ஒட்டுகிறது, புளித்த வாடை அடிக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். வண்டின் கழிவு சேர்ந்திருக்கும், சத்தும் போயிருக்கும். பூஞ்சணம் கண்டிருந்தால் மாட்டுக்கும் கோழிக்கும் கூட வைக்காதீர்கள்.

ஓட்டை மணி முளைக்காது என்று சொல்ல முடியாது. முளைத்தாலும் செடி நோஞ்சானாக இருக்கும். வானத்தை நம்பி விதைக்கிற மானாவாரிக் காட்டில் அப்படி ஒரு விதையை நான் போட மாட்டேன்.

"பயறுக்குள்ள எறும்பு மாதிரி சின்னக் கறுப்புக் குளவி ஓடுது. அள்ளினா கையெல்லாம் அரிக்குது. இது என்ன புதுசா?"

இரண்டும் தனித்தனி விஷயம். அந்தக் குளவி நமக்கு நண்பன். மணிக்குள் இருக்கும் வண்டுப் புழுவை மோப்பம் பிடித்து, அதன்மேல் முட்டையிட்டு, தன் குஞ்சுக்கு இரையாக்கும். நம்மைக் கொட்டாது, பயறையும் தின்னாது. ஆனால் அது இருக்கிறது என்றால் வண்டு ஏற்கெனவே பெருகிவிட்டது என்று பொருள். அதை நம்பிச் சும்மா இருக்க முடியாது.

அரிப்புக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத உண்ணி வகை. அதுவும் வண்டுப் புழுவை உண்ணத்தான் வருகிறது, வழியில் நம் தோலையும் கடிக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டு வெயிலில் வைத்து அள்ளுங்கள், பிறகு குளித்து உடுப்பை வெந்நீரில் அலசுங்கள். பாலித்தீன் வெயிலில் உண்ணியும் செத்துவிடும்.

"எங்களுக்கு இருபது மூட்டை. விலை ஏறுற வரைக்கும் வைக்கணும். தாம்பாளத்துல போட்டு எண்ணெய் பிசற முடியுமா?"

முடியாது. உங்களுக்குக் காற்றுப்புகாத மூன்றடுக்குச் சாக்குதான் சரி. செலவு என்று தோன்றும், ஆனால் உள்பை கிழியாதவரை இரண்டு மூன்று வருஷம் திரும்பப் பயன்படுத்தலாம். எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு ஓட்டை விழுந்தால் அந்தச் சாக்கு வீண். பழைய கோணிச் சாக்கில்தான் வைப்பேன் என்றால், முதலில் சாக்கைக் கொதிநீரில் முக்கிக் காய வையுங்கள். தரையில் படாமல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். பூச்சிமருந்து வந்த பையில் உணவுப் பயறை வைக்காதீர்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய துளையிட்ட குழாய்ப் பொறி ஒன்று இருக்கிறது. மூட்டையில் செருகி வைத்தால் வண்டு காற்றோட்டத்தைத் தேடி அதற்குள் விழும். அது வண்டை ஒழிப்பதற்கு அல்ல, முதல் வண்டு என்று வந்தது என்று தெரிந்துகொள்ள. அன்றைக்கே அந்த மூட்டையை வெயிலுக்கு எடுத்தால் மற்ற பத்தொன்பதும் பிழைக்கும். இன்னும் விவரம் வேண்டுவோர் வல்லநாட்டுக்குப் பக்கத்தில் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் கேட்கலாம்.

"விதைக்கு எடுத்து வச்ச உளுந்து முளைக்குமான்னு முன்னாடியே பார்க்க முடியுமா?"

பார்க்க வேண்டும். டப்பாவின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் கைவிட்டு எடுத்து, பொறுக்காமல் 100 மணி எண்ணி, ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வையுங்கள். துணி காயாமல் தண்ணீர் தெளித்து, நாலாம் நாள் பிரித்து எண்ணுங்கள். 75க்கு மேல் நல்ல முளை இருந்தால் விதைக்கலாம். அறுபது, எழுபது என்றால் விதை அளவைக் கூட்டிப் போடலாம். அதற்கும் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். எண்ணெய், செம்மண், வசம்பு எது போட்ட விதையாக இருந்தாலும் இதே சோதனைதான். புரட்டாசி முதல் வாரமே செய்துவிடுங்கள். குறைந்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் வேறு விதை தேட நாள் இருக்கும்.